சளிக்காய்ச்சல் பரவும் காலத்தில்



காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்பது என் வழக்கம். தோட்டப் பள்ளியில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதை நடந்து வரும் நடையிலேயே தெரிந்துகொள்ளலாம். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அதே வாசலில் நின்று நான் வேறொன்றைப் பார்க்க வேண்டியதாயிற்று. யார் கண் சிவந்திருக்கிறது, யார் உதடு காய்ந்திருக்கிறது, யார் தோளில் பையைச் சுமக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தேன்.

அந்த மாதத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுகாதார அமைச்சின் கணக்குப்படி, அவ்வாண்டின் 40ஆவது வாரத்தில் நாட்டில் 97 இடங்களில் இன்புளுவென்சாக் காய்ச்சல் கூட்டம் கூட்டமாகப் பரவியிருந்தது. அதற்கு முந்திய வாரம் அந்த எண்ணிக்கை 14தான். சிலாங்கூரில் 43 இடங்கள், நம் ஜோகூரில் 9. அவற்றில் பெரும்பாலானவை பள்ளிகளும் பாலர் பள்ளிகளும் ஆகும். மாத நடுவில் சுமார் 6,000 மாணவர்கள் நோயுற்றிருப்பதாகக் கல்வி அமைச்சு கூறியது. சில பள்ளிகளைச் சில நாட்கள் மூடவும் நேர்ந்தது.

எங்கள் பள்ளியை மூடவில்லை. ஆனால் பதினேழு பிள்ளைகள் உள்ள என் வகுப்பில் ஒரு புதன்கிழமை பத்துப் பேர்தான் இருந்தார்கள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். அன்று செய்யத் தவறியதுதான் இன்று உங்களிடம் பேசுவதற்கே காரணம்.

அன்று காலை ஒரு பையன் சோர்ந்த முகத்தோடு வந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். "அம்மா மருந்து கொடுத்தாங்க டீச்சர்" என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. பத்து மணிக்கு ஓய்வு நேரத்தில் அவன் மேசை மேல் தலை வைத்துப் படுத்திருந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. காலையில் கொடுத்த பனடோல் நான்கு மணி நேரம் காய்ச்சலை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அந்த நான்கு மணி நேரத்தில் அவன் பாடம் படித்தான், பக்கத்துப் பிள்ளையின் அழிப்பானை வாங்கினான், மூவரோடு ஒரே தண்ணீர்ப் புட்டியில் குடித்தான்.

தாயாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். காலணியில் சேற்றோடு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கிவிட்டார். "வீட்ல விட்டா யாரு டீச்சர் பாக்குறது? ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு. போன மாசமே நாலு நாள் மழையில போச்சு" என்றார். இந்தக் கேள்விக்கு எந்தச் சுகாதாரப் புத்தகத்திலும் பதில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம்.

சளி பிடிப்பது வேறு, இன்புளுவென்சா வேறு. இரண்டையும் நாம் 'சளிக்காய்ச்சல்' என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், பிள்ளை அதோடு விளையாடிக்கொண்டும் இருக்கும். இன்புளுவென்சா திடீரென வரும். மதியம் பந்து விளையாடிய பிள்ளை மாலையில் படுத்துவிடும். கடுங்காய்ச்சல், தலைவலி, கை கால் குடைச்சல், வறட்டு இருமல், எழுந்து உட்கார முடியாத அசதி எல்லாம் ஒன்றாக வரும். சில பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டு.

இதற்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமி. 1933ஆம் ஆண்டில்தான் இலண்டன் ஆராய்ச்சியாளர்கள் இதை மனிதரிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும், ஏன், சத்தமாகப் பேசும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகளில் இது வெளிவருகிறது. மற்றவர் அதைச் சுவாசித்தால் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. மேசை, கதவுப்பிடி, கைப்பேசி போன்ற வழவழப்பான பொருட்களில் ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடு தங்கும். அதைத் தொட்ட கையால் கண்ணையோ மூக்கையோ கசக்கினாலும் போதும்.

கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் நோய் தெரியும். பெரும்பாலும் இரண்டாம் நாள். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அந்த மனிதர் மற்றவருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். பிறகு ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை கொடுப்பார். சிறு பிள்ளைகள் இன்னும் சில நாட்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். அதனால்தான் காய்ச்சல் கண்டவர்களை மட்டும் ஒதுக்கி வைத்து இந்த நோயை முழுவதும் தடுக்க முடிவதில்லை. ஆனால் வேகத்தைக் குறைக்க முடியும்.

நம் மக்களுக்கு இந்த நோய் புதிதல்ல. 1918ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர் முடியும் நேரம். இன்புளுவென்சா உலகத்தையே சுற்றி வந்தது. உலகில் சுமார் ஐந்து கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்றுக்கொள்ளும் மதிப்பீடு. கூட்டிச் சொல்வோரும் குறைத்துச் சொல்வோரும் உண்டு. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டனர். மலாயாவில் அவ்வாண்டின் நடுவில் ஒருமுறை இலேசாக வந்து போன நோய், அக்டோபரில் கடுமையாகத் திரும்பி வந்தது. அப்போது ஜோகூர்ப் பாலம் இல்லை, அது 1924இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் இரயில் இருந்தது. 1909 முதல் கிம்மாசிலிருந்து ஜோகூர் பாரு வரை தண்டவாளம் ஓடியது. அதன் இருபுறமும் புதிய ரப்பர்த் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. கிருமிக்கு மனிதர் போகும் பாதை போதும். நோய் மிகக் கடுமையாகத் தாக்கியவர்களில் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர்.

என் பாட்டி தன் தாயார் சொல்லக் கேட்டதாக ஒன்று சொல்வார். லயத்தில் அத்தனை வீட்டிலும் ஆள் படுத்துவிட்டதாம். தண்ணீர் தூக்கிக் கொடுக்கக்கூட எழுந்து நிற்கும் ஆள் இல்லையாம். நான் சிறுமியாக இருந்தபோது இதைப் பேய்க்கதை போலக் கேட்டேன். பிற்காலத்தில் படித்தபோதுதான் அது எவ்வளவு முக்கியமான செய்தி என்று விளங்கியது. 1918இல் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வைரஸ் மட்டுமன்று. அது புண்ணாக்கிவிட்டுப் போன நுரையீரலில் பாக்டீரியா என்னும் வேறு கிருமிகள் புகுந்து நிமோனியா உண்டாக்கின. அதற்கு மருந்து இல்லை. பெனிசிலின் 1928இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவை உலகின் பல பகுதிகளில் இதற்கும் கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. எஞ்சியிருந்த மருந்து ஒன்றுதான்: தண்ணீர், கஞ்சி, படுக்கை, பக்கத்தில் ஒரு மனிதர். எல்லாரும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் அதுவும் கிடைக்காது. ஒரே நாளில் பத்து வீடுகளில் நோய் வருவதும், பத்து வாரங்களில் பத்து வீடுகளில் வருவதும் ஒன்றாகாது என்பது இதனால்தான்.

அதன் பிறகு 1957இல் ஆசியக் காய்ச்சல் என்ற பெயரில் வந்தது. நாம் சுதந்திரம் பெற்ற ஆண்டு. மே மாதம் சிங்கப்பூரை எட்டி இங்கும் பரவியது. 1968இல் ஹாங்காங் காய்ச்சல் வந்தது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்-1 என்-1 வந்தது. மலேசியாவில் அதன் முதல் நோயாளி 2009 மே 15ஆம் நாள் உறுதி செய்யப்பட்டார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு மாணவர். இப்போது அந்தக் கிருமியின் வாரிசு ஆண்டுதோறும் வந்துபோகும் சாதாரண விருந்தாளியாகிவிட்டது.

ஒரே நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வருவதில்லையே என்று கேட்கலாம். தோட்ட வாசலில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை திருடிவிட்டுப் போனவனின் முகம் அவருக்கு நினைவிருக்கும். மறுமுறை வந்தால் வாசலிலேயே பிடித்துவிடுவார். நம் உடம்பின் காவலும் அப்படித்தான். ஆனால் இன்புளுவென்சா தன் வெளித்தோற்றத்தை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது. மீசை வைத்துக்கொண்டு வந்தால் ஜாகாவுக்குச் சந்தேகம் வரலாம், தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்தால் ஏமாந்தே போவார். தடுப்பூசியை ஆண்டுதோறும் புதிதாகச் செய்வதும், நாம் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதும் இதனால்தான். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, எந்த முகங்கள் உலவுகின்றன என்று பார்த்து, ஊசியில் எவற்றைச் சேர்ப்பது என்று பரிந்துரை செய்கிறது.

இந்த ஊசியைப் போட்டால் நோயே வராது என்று நான் சொல்லமாட்டேன், மருத்துவரும் சொல்லமாட்டார். வந்தாலும் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு முற்றாமல் காப்பதில்தான் அதன் பயன். போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்தே காவல் கிடைக்கும். ஊரெல்லாம் இருமத் தொடங்கிய பிறகு ஓடுவதைவிட முன்னதாகப் போடுவது நல்லது. ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் போடலாம். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது மிகவும் அவசியம். நம் தோட்டத்து வீடுகளில் அறுபது வயதைத் தாண்டி நீரிழிவு இல்லாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களை அடுத்த முறை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க அழைத்துப் போகும்போது, இந்த ஊசி இவர்களுக்கு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இனி வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

முதலில், இது இன்புளுவென்சாதானா என்று யோசிக்க வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டிங்கியும் உண்டு. டிங்கியில் பெரும்பாலும் இருமலும் மூக்கொழுகலும் முன்னே நிற்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் சிவந்த தடிப்பு ஆகியவை வரும். அதில் காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தானவை. செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம், கெண்டைக்கால் தசை தொட முடியாமல் வலிக்கும். ஆகவே எந்தக் காய்ச்சலானாலும் மூன்று நாளைக்கு மேல் நீடித்தால் இரத்தச் சோதனைக்குப் போய்விடுங்கள். டிங்கியாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினை எந்தக் காய்ச்சலிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இன்புளுவென்சா வந்த பிள்ளைக்கு அதனால் மூளையும் ஈரலும் பாதிக்கப்படும் அரிய நோய் ஒன்று வரக்கூடும்.

பனடோல் நல்ல மருந்துதான். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றோ இரண்டோ சாப்பிடலாம். அடுத்ததற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் ஆகாது. மதுப்பழக்கம் உள்ளவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு வயதைவிட எடையே கணக்கு. கடையில் விற்கும் பானக மருந்து இருவகைப் பலத்தில் வருகிறது. ஐந்து மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 மில்லிகிராம் உள்ளது மற்றொன்று. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அக்காள் வீட்டிலிருந்து வாங்கி வந்த புட்டியில் 'வழக்கம்போல இரண்டு கரண்டி' கொடுத்தால் இரண்டு மடங்காகிவிடும். சீட்டைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் புட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம். இன்னொன்று, மளிகைக் கடையில் விற்கும் சளி மாத்திரை பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது ஈரலுக்குக் கேடு.

'ஆன்டிபயாடிக்' கேட்டு மருத்துவரை நெருக்காதீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. போன ஆண்டு மிச்சம் வைத்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அதைவிடத் தவறு. இன்புளுவென்சா வைரஸுக்கென்றே ஒசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதிகப் பலன் தரும். எல்லாருக்கும் அது தேவையில்லை. ஆனால் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ நீரிழிவு உள்ள முதியவரோ காய்ச்சலில் விழுந்தால், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இரண்டு நாளைக் கடத்திவிடாதீர்கள். அந்த இரண்டு நாள்தான் அந்த மருந்தின் நாள்.

பாட்டி வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வீட்டிலேயே என்னை விடமாட்டார்கள். இஞ்சி, மிளகு, துளசி, கற்பூரவல்லி எல்லாம் நல்லவையே. தொண்டைக்கு இதமாக இருக்கும், நாவுக்கு ருசி வரும், அதனால் பிள்ளை கொஞ்சம் குடிக்கும். வைரஸை அவை கொல்வதில்லை, அவ்வளவே. இருமலுக்கு ஒரு கரண்டி தேன் தரலாம், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. ஆவி பிடிப்பதில் எனக்குப் பயம் உண்டு. கொதிக்கும் பாத்திரத்தின் முன் பிள்ளையைப் போர்வையால் மூடி உட்கார வைத்து, பாத்திரம் சாய்ந்து தொடை வெந்துபோன ஒரு மாணவியை நான் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று சொல்லிப் பட்டினி போடும் வழக்கமும் உண்டு. இரண்டு நாள் சோறு குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் குறையக் கூடாது. காய்ச்சலில் வியர்வையாகவும் மூச்சாகவும் உடம்பின் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. கஞ்சித் தண்ணீர், ரசம், இளநீர், பார்லித் தண்ணீர் எதுவானாலும் சரி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். போதுமா என்று தெரிய எளிய வழி சிறுநீர்தான். அது வெளுத்து, நாலைந்து மணிக்கொரு முறை போனால் போதும். தேயிலைச் சாயம் போல இருந்தால் போதாது. நடுங்குகிறதே என்று காய்ச்சல் பிள்ளையை இரண்டு கம்பளியில் சுற்றி, சன்னலையும் சாத்திவிடாதீர்கள். மெல்லிய உடை, திறந்த சன்னல், இவையே அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் நல்லது.

பெரும்பாலோருக்கு மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். எப்போது பயப்பட வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் நான் கைக்கடிகாரத்தை வைத்து எல்லாரையும் எண்ணச் சொன்னேன். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 மூச்சு அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, எதைக் குடித்தாலும் வாந்தி, எட்டு மணி நேரம் சிறுநீரே போகாமை, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வண்டி இல்லையென்றால் 999ஐ அழையுங்கள். பெரியவர்களுக்கு மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் ஆபத்து. முதியவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே தெரியாது. திடீரெனப் பேச்சு மாறும், நாளும் ஆளும் தெரியாமல் உளறுவார்கள். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். அதுவே அறிகுறியாக இருக்கும்.

இன்னொரு அறிகுறி உண்டு. காய்ச்சல் விட்டு, பிள்ளை எழுந்து நடமாடி, இரண்டு நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் கெட்டியான சளியும் வருவது. நான் முன்பு சொன்ன இரண்டாம் கிருமி அதுதான். 1918இல் அதற்கு மருந்து இல்லை, இன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும்.

அந்தப் பையனின் வீட்டில் நடந்ததும் அதுவே. பையன் ஐந்தாம் நாள் எழுந்துவிட்டான். அவனைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? நீரிழிவு உள்ள அறுபத்தெட்டு வயதுப் பாட்டி. வேறு ஆள் இல்லை. பாட்டிக்குக் காய்ச்சல் வந்து, விட்டது போல் விட்டு, மறுபடி வந்தது. நிமோனியா. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து மெலிந்து வீடு திரும்பினார். பையன் ஒரு நாள் பள்ளி முடிந்து எல்லாரும் போன பிறகு என் மேசையருகே வந்து நின்றான். "பாட்டிக்கு என்னாலயா டீச்சர் வந்துச்சு?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்கு எங்கோ ஒருவர் கொடுத்தார், அவருக்கு இன்னொருவர் கொடுத்தார் என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் அவன் வகுப்பில் ஆறு பேருக்கு அது எப்படி வந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை அவனை வாசலிலேயே உட்கார வைத்து இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

வீட்டில் விட்டால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முழுமையான பதில் என்னிடம் இல்லை. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் பேசி, ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சல் வந்தால் யார் இருப்பது என்பதைக் காய்ச்சல் வரும் முன்பே முடிவு செய்யச் சொன்னோம். தந்தைக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை என்றால் பகலில் அவர் இருக்கலாம். இளவயதுச் சித்தியோ மாமாவோ இருக்கலாம். முதியவரும் கர்ப்பிணியும் இருக்கக் கூடாது. அவர்களைத் தவிர ஆளே இல்லையென்றால் இருவரும் முகக்கவசம் அணிந்து, பிள்ளையை அஞ்சடியில் பாய் போட்டுக் காற்றோட்டமாகப் படுக்க வைக்க வேண்டும், இரவில் தனி அறை இல்லாவிட்டாலும் தலைமாடு கால்மாடாக விலகிப் படுக்க வேண்டும். கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் முகக்கவசம் போட்டு, பள்ளிகளையும் மூடியிருந்தோமே, அப்போது இன்புளுவென்சா உலகெங்கும் காணாமலே போயிருந்தது. அலமாரியில் மிச்சமிருக்கும் முகக்கவசத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பள்ளியில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். சபை கூடுவதை மண்டபத்திலிருந்து திடலுக்கு மாற்றினோம். சன்னல்களைக் குச்சி வைத்துத் திறந்தே வைத்தோம். கழுவும் தொட்டியில் சோப்பு வைத்தால் ஒரு மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விடும். வெங்காயம் வாங்கி வரும் வலைப்பையில் சோப்புக் கட்டியைப் போட்டு, குழாய்க் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டோம். வலையோடு தேய்த்தால் நுரை நன்றாக வருகிறது, தொலைவதும் இல்லை. சாப்பிடும் முன் இருபது நொடி கழுவ வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டில் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்கும்வரை தேய்க்கிறார்கள். கணக்கும் வந்தது.

ஒன்றை மட்டும் மாற்றச் சற்றுப் போராட வேண்டியிருந்தது. ஆண்டு இறுதியில் ஒரு நாளும் விடுமுறை எடுக்காத பிள்ளைக்கு முழு வருகைப் பரிசு கொடுப்பது பல பள்ளிகளின் வழக்கம். நானே பல ஆண்டுகள் அந்தப் பட்டியலை மகிழ்ச்சியோடு தயாரித்திருக்கிறேன். காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு வர அது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பையன் அவ்வாண்டு அன்றுவரை ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. இப்போது எங்கள் பள்ளியில் பெற்றோர் கடிதம் கொடுத்தால் காய்ச்சல் நாட்களைப் பரிசுக் கணக்கில் கழிப்பதில்லை. எம்.சி. சீட்டுக்காக மட்டும் நடுங்கும் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், இரண்டு மணி நேரம் மற்ற நோயாளிகளோடு உட்கார வைக்கவும் வேண்டியதில்லை.

எத்தனை நாள் கழித்து அனுப்பலாம் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நோய் தொடங்கியதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாட்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது 2025இல் சுகாதார அமைச்சு சொன்ன அறிவுரை. அதோடு, பனடோல் கொடுக்காமலே ஒரு பகல் ஒரு இரவு காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும். அது ஒன்றுக்காக வீட்டில் வைத்திருக்க வேண்டாம், ஒரு முகக்கவசம் போட்டு, சொந்தத் தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பி வையுங்கள். அந்தப் புட்டியில் பெயரை எழுதி அனுப்புங்கள்.